கொடுத்த அரசே கேட்கலாமா?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு திண்டுக்கல் வட்டாரத்து இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். பணம் பெரிதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு, ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்கம்மா’ என்ற ஒரே பதிலில் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதலாகி, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அந்தத் தாளை அச்செடுத்து, ஜெராக்ஸ் போட்டு, அரசுக் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

தாளைக் கொடுத்தது அரசு. கேட்டு வாங்குவதும் அரசு. நடுவில் தபால்காரர் வேலை மட்டும் நம்முடையது.

எத்தனை சேவைகள் இணையத்துக்கு வந்துவிட்டன என்று எண்ணிச் சொல்வதையே ஆட்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாதனையாகக் காட்டுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் நமக்கு அக்கறை இல்லை. அரசின் ஒரு துறையிடம் இருக்கும் விவரத்தை இன்னொரு துறை குடிமக்களிடம் கேட்கக் கூடாது என்று அரசாணை வேண்டும். அதன் சோதனைக் களமாகத் திண்டுக்கல் மாவட்டம் இருக்க வேண்டும். இதுதான் நமது கோரிக்கை.

ஏன் திண்டுக்கல்? மின்னாளுமை என்ற பேச்சு எழுந்தாலே எல்லோரும் எஸ்தோனியாவைக் காட்டுவார்கள். மறுநொடியே, ‘அது சுண்டைக்காய் நாடு, நமக்குச் சரிப்படாது’ என்று ஒதுக்கியும் விடுவார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படியே திண்டுக்கல் மாவட்டத்தில் 21.59 லட்சம் பேர். அளவைக் காரணம் காட்டித் தப்பிக்க வழியில்லாத இடம் இது. பழனி, கொடைக்கானல் போல வெளியூர்க் கூட்டம் வந்து போகும் ஊர்களும் உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டைப் பூ வியாபாரம், சின்னாளபட்டித் தறி என்று பலவகைப் பிழைப்பும் உண்டு. இங்கே சரியாக வருவது மற்ற மாவட்டங்களிலும் வரும்.

சோவியத்திடமிருந்து 1991-இல் விடுபட்டபோது எஸ்தோனியாவின் கையில் பெரிய பணம் இல்லை. துறைக்கொரு கணினி, துறைக்கொரு பதிவேடு என்று செலவழிக்க முடியாத நிலை. 2001-இல் ‘எக்ஸ்-ரோடு’ என்ற இணைப்பை அமைத்தார்கள். மறு ஆண்டே மின் அடையாள அட்டை வந்தது. எல்லா விவரத்தையும் ஒரே கிடங்கில் கொட்டிவைக்கும் ஏற்பாடு அல்ல அது. மருத்துவத் துறையின் பதிவு அந்தத் துறையிடமே இருக்கும், நிலப் பதிவு நிலப் பதிவாளரிடமே இருக்கும். தேவைப்படும்போது, சட்டம் அனுமதித்த அளவுக்கு, ஒரு துறை மற்றொரு துறையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரே விவரத்தைத் திரட்ட இரண்டாவது பதிவேடு தொடங்குவதையே அவர்களின் சட்டம் தடுக்கிறது. குழந்தை பிறந்து பதிவானதும், ‘உங்களுக்கு இந்த உதவித்தொகை உண்டு, சம்மதமா?’ என்று அரசே கேட்கும் நிலைக்கு 2019-இல் வந்துவிட்டார்கள். பெற்றோர் மனு எழுதுவதில்லை.

நம்மால் இது முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். முடிந்திருக்கிறது. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத நிலத்தை வாங்கிப் பத்திரம் பதிந்தால், பதிவுத்துறையிலிருந்து விவரம் வருவாய்த்துறைக்குப் போய்ப் பட்டா தானாகவே பெயர் மாறுகிறது. அதையே சாதிச் சான்றில் ஏன் செய்யவில்லை? வருவாய்த்துறை மின்கையொப்பமிட்ட சான்று அரசின் கணினியிலேயே கிடக்கிறது. விண்ணப்பத்தில் அதன் எண்ணைக் குறித்தால், கல்லூரிக் கல்வித் துறை தானே எடுத்துப் பார்க்க எது தடை? கருவியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ‘எதற்கும் ஒரு நகல் இருக்கட்டும்’ என்ற கோப்புப் பழக்கம்தான் விட மறுக்கிறது.

இந்த மண்ணுக்கு இணையம் புதிதும் அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களை 2004 அக்டோபர் 18 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். திருவையாறு, தங்கச்சிமடம் ஆகியவற்றோடு அந்த முதல் தொகுதியில் இடம்பெற்ற ஊர் நமது செம்பட்டி. வேளாண் வல்லுநரிடமும் மருத்துவரிடமும் செயற்கைக்கோள் வழியாகப் பேசலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் அறிவுரை வானத்திலிருந்து வந்தாலும், முடிவெடுக்கும் அதிகாரம் வட்டாட்சியர் அலுவலகத்தை விட்டு அசையவில்லை. திரையில் பயிர் நோய்க்கு வழி கேட்டுவிட்டு, பட்டாவுக்காகப் பேருந்து ஏற வேண்டிய காலம் அது. கம்பி இழுப்பது ஒரு வேலை, அலுவலக விதியை மாற்றுவது வேறு வேலை. முதலாவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பதிவேடே தப்பாக இருந்தால்? 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை இன்றும் கிராமங்களில் ‘யு.டி.ஆர்.’ என்றே சொல்கிறார்கள். அதில் ஏறிய பிழைகள் கொஞ்சமல்ல. அண்ணன் பெயர் இருக்கும், தம்பி பெயர் விடுபட்டிருக்கும், பரப்பு குறைந்திருக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் பெயர் நம் சர்வே எண்ணில் உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே கணினியில் ஏற்றினோம். ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் தன் பட்டாவைப் பார்க்கலாம். பிழையையும் அதே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். திருத்தத்துக்குத்தான் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று கோப்பு ஏறி இறங்குகிறது. பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் நிவாரணமும் பட்டாவைப் பார்த்தே கிடைப்பதால், துறைகளை இணைத்த பின் ஒரு பிழை எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் அடைத்துவிடும். ஆகவே முதலில் பதிவேட்டைச் சீர்செய்ய வேண்டும். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி ஆண்டுதோறும் வட்டந்தோறும் நடக்கிறது. சோதனைக் காலத்தில் இந்த மாவட்டத்து ஜமாபந்தியை யு.டி.ஆர். பிழைகளுக்கென்றே ஒதுக்கட்டும். கிராமத்துப் பட்டியலைச் சாவடியில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, சர்வேயரைக் கூடவே உட்காரவைத்து அங்கேயே உத்தரவு போடட்டும்.

துறைகள் நம் விவரத்தைப் பகிர்ந்துகொண்டால் அந்தரங்கம் என்னாவது என்ற அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்களின் விவரங்கள் கசிந்ததாக 2021-இல் செய்தி வந்தது. எஸ்தோனியாவும் அடிபடாமல் இல்லை. 2017-இல் அங்கே சுமார் ஏழரை லட்சம் அடையாள அட்டைகளின் சில்லில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. அரசே அதை மக்களிடம் சொன்னது, அட்டைகளின் மின்சான்றை நிறுத்திவைத்துப் புதுப்பித்தது. அதைவிட முக்கியம், தன் விவரத்தை எந்தத் துறை எப்போது எடுத்துப் பார்த்தது என்பதை அங்கே குடிமகன் இணையத்தில் பார்க்கலாம். காரணமில்லாமல் எட்டிப்பார்த்த அலுவலர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பார்வைப் பதிவு இல்லாத இணைப்பு இங்கே வேண்டாம். அது அரசு நம்மை வேவு பார்க்கத்தான் உதவும்.

அரசாணைக்குப் பின்னால் சட்டம் நிற்க வேண்டும். சேவை பெறுவதை உரிமையாக்கும் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-இலேயே கொண்டுவந்தது. கர்நாடகத்தின் ‘சகாலா’ சேவைச் சட்டத்தில் கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு உண்டு, அது தாமதித்த அலுவலரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். தொகை சின்னதுதான். ஆனால் யாரால் தாமதம் என்று பெயர் எழுத வைக்கிறதே, அதற்குத்தான் மதிப்பு. சேவை உரிமைச் சட்டம் இங்கே தேர்தல்தோறும் பேசப்படுகிறது. பேச்சு போதும்.

சான்று கேட்பது நின்றால் இ-சேவை மையங்கள் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூட்டுறவுக் கடன் சங்கங்களும் ஊர்ப்புற மகளிரும் இவற்றை நடத்துகிறார்கள். ‘அனைவருக்கும் இ-சேவை’ திட்டத்தில் இளைஞர்கள் பலர் கைக்காசு போட்டு மையம் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கு வேலை குறையாது, வேலையின் தன்மைதான் மாறும். ஓ.டி.பி. எங்கே வருகிறது என்று தெரியாத முதியவருக்கும், கைப்பேசி எண் மாறிப்போனவருக்கும், விரல்ரேகை தேய்ந்துபோன தோல் பதனிடும் தொழிலாளிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஒரு மனிதர் தேவை. யு.டி.ஆர். திருத்த மனுவைப் பழைய பத்திரத்தோடு ஒத்துப்பார்த்து எழுதித்தரவும் ஆள் தேவை. அந்த வேலைக்கு 60 ரூபாய் வாங்கினால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.