படமும் பாடபேதமும்

நிழற்படக் கலையைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளைஞர் நம் துறைமுகப் பட்டினத்திற் பலர் உளர். பாலையூற்றிலிருந்து வைகறையிற் புறப்பட்டு, கோணேசர் மலைக்கும் உப்புவெளிக் கரைக்கும் கமராவுடன் செல்வோரைக் காண்கிறோம். கமராவை அவர்கள் ஆராய்ந்தே வாங்குகின்றனர். வில்லையை விசாரித்தே தெரிகின்றனர். ஆனால், எடுத்த படத்தைத் திருத்துதற்குரிய மென்பொருளை மாத்திரம் ஆராயாது ஏற்றுக்கொள்கின்றனர். "எல்லாரும் ஃபோட்டோஷொப் என்கிறார்கள், எனக்கும் அதுவே" என்பதே அவர்தம் நியாயம்.

இதிலே தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன வேலை என்று வினவுவார் வினவலாம். படந் திருத்துதலும் ஏடு பார்த்துப் பதிப்பித்தலும் ஒரே இனத் தொழில்கள் என்பது என் துணிபு. பின்னதிற் பெரியோர் வகுத்த ஒழுங்கு முன்னதற்கும் வழிகாட்டும். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில், எல்லாரும் பேசும் அம்மென்பொருளை நோக்குவோம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தோமஸ் நோல் என்பார் 1987 இல் அதனைத் தொடங்கினார். தம்பியார் ஜோன் நோல் துணை நின்றார். 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனம் அதனை வெளியிட்டது. அதன் ஆற்றலை மறுப்பார் இலர். விலையிலேதான் சிக்கல் உண்டு. முன்னர் ஒருமுறை பணங் கொடுத்து வாங்கியவர் அதனை நெடுங்காலம் ஆளலாம். 2013 இல் அந்நிறுவனம் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கே தருவதென முடிவு செய்தது. அன்று தொட்டு அது வாங்கும் பொருளாக அன்றி வாடகைப் பொருளாக ஆயிற்று.

வாடகையும் டொலர்க் கணக்கிலே வருகிறது. மாதம் 10 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 2,000 ரூபாவாய் நின்ற அத்தொகை, அவ்வாண்டு மே மாதத்தில் ஏறக்குறைய 3,600 ரூபாவாயிற்று. மென்பொருளில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. நம் நாணயம் வீழ்ந்தது. அவ்வளவே. பாண் வாங்க வரிசையில் நின்ற காலத்திற் பொழுதுபோக்குக்கு இவ்வளவு செலவிட யாரால் இயலும்?

இவ்விடருக்கு நம்மவர் கண்ட எளிய வழி களவுப் பிரதி. பூட்டுடைத்த பிரதியைக் கணினியில் ஏற்றிக்கொண்டு, அதனைக் களவென்று எண்ணாமலே வாழ்கின்றோம். பிறர் பாட்டைத் தன் பாட்டென்று ஒப்புவிக்கும் மாணாக்கனைக் கடியும் ஆசிரியர், பாடசாலைக் கணினியிற் களவுப் பிரதி இருப்பதைக் கண்டு வாளா இருத்தல் பொருந்துமா? அறம் ஒருபுறம் இருக்க, அத்தகைய பிரதிகளோடு கேடு செய்யும் நிரல்களும் உடன் வருதல் உண்டு.

இனிப் பதிப்பு முறைக்கு வருவோம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். திருகோணமலை ஈன்ற தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் இத்துறையில் உழைத்தவரே. நல்ல பதிப்பாசிரியர் கைக்கொண்ட நெறி மூன்று கூறாக அமையும். மூல ஏட்டைச் சிதையாது காத்தல் ஒன்று. தாம் கொண்ட பாடம் இது, ஒதுக்கிய பாடம் இது என்று குறித்தல் மற்றொன்று. செல்லரித்த இடத்திற் புள்ளியிட்டுக் காட்டுதலன்றித் தாமே ஓர் அடி புனைந்து நிரப்பாமை மூன்றாவது. புனைந்து நிரப்பினால் அது இடைச்செருகலாம்.

இந்நெறியை மென்பொருளுக்கு உரைகல்லாக்குவோம். கமரா தரும் ஜேபெக் கோப்பு, முன்பே சமைத்துப் பரிமாறிய சோறு போன்றது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. ரோ எனப்படும் பச்சைக் கோப்போ 14 பிட் அளவினதாயின் 16,384 படிகள் கொண்டது. கிழக்கு நோக்கிய நம் கடற்கரையிற் சூரியன் எழும்போது வானம் கண்ணைக் கூசும்; மலைப்பாறை இருண்டு கிடக்கும். அவ்விருளைச் சற்றே விளக்க முயன்றால் ஜேபெக் படம் திட்டுத் திட்டாகிவிடும். பச்சைக் கோப்பிற் பாறையின் வெடிப்பும் செடியும் மெல்ல வெளிப்படும். ஆதலின் மூலவேடு என்று காக்கத்தக்கது அதுவே.

அம்மூலத்தைத் தொடாது திருத்தும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. 2009 இல் வெளிவந்த டார்க்டேபிள் அத்தகையது. 2010 இற் கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிடப்பட்ட ரோதெரப்பியும் அத்தகையது. இவை மூலக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை; செய்த திருத்தங்களை அருகே ஒரு சிறு கோப்பிற் குறித்து வைக்கின்றன. மூலம் வேறு, உரை வேறு. பத்தாண்டு கழித்து நம் சுவை மாறினால், உரையை அழித்துப் புதிதாக எழுதலாம்.

அடோபியின் லைட்ரூமும் 2007 முதல் இவ்வாறே மூலத்தைக் காத்து வருகிறது. இதனை ஒளிக்காது சொல்லுதல் முறை. ஆனால், கணினியில் ஆளும் லைட்ரூம் கிளாசிக்கிற் சந்தா நின்றதும் திருத்தும் பகுதி மூடப்படும். படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம்; முன்பு செய்த திருத்தத்தை மாற்றல் இயலாது. நாம் எழுதிய உரையை நாமே திருத்துவதற்கு மாதந்தோறும் இறை செலுத்த வேண்டும் என்றால், அவ்வுரை யாருடையது?

இலவசம் என்ற ஒன்றே போதுமானதன்று. கூகிள் இலவசமாகத் தந்த பிக்காசாவை 2016 இற் கைவிட்டது. விலைக்கு விற்கப்பட்ட அப்பிளின் அப்பேச்சரும் 2014 இல் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. கட்டற்ற மென்பொருளையும் ஆக்கியோர் கைவிடக்கூடும். ஆயினும் அதன் நிரல் வெளிப்படையாக இருத்தலின், பிறர் எடுத்து நடத்த வழியுண்டு.

எதிர்வாதிகள் கூற்றையும் கேட்போம். டார்க்டேபிள் கற்றற்கு அரிது என்பர், உண்மை. கிம்ப் என்னும் மென்பொருள், 1995 முதல் வளர்ந்து வந்ததாயினும், மூலத்தைக் கெடாமல் விளைவுகளைச் சேர்க்கும் வசதியை 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலேதான் பெற்றது என்பர், அதுவும் உண்மை. கலியாண ஸ்டூடியோவிலும் அச்சகத்திலும் தொழில் நாடுவோன் ஃபோட்டோஷொப் அறிதல் வேண்டும் என்பர், யானும் உடன்படுவேன். தொழிலாற் பெறும் ஊதியம் வாடகையை இறுக்கும். பொழுதுபோக்குக்கோ ஊதியம் இல்லை. உவகை மாத்திரமே உண்டு.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சோதனையையும் சொல்லிவைக்கிறேன். எந்த மென்பொருளாயினும் அதிற் 'கோணேசர் கோயில்' என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து, ககரம் அநாதையாய் நின்றால், அது தமிழுக்கு ஆகாதது. பழைய ஃபோட்டோஷொப் பதிப்புகளில் இக்குறை உண்டு; புதியவற்றிலும் எழுத்தமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளாவிடின் இடர் நேரலாம். கிம்ப் யூனிகோட் தமிழைச் செவ்வனே கோக்கின்றது. கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் இறந்தார் பெயர் உடைந்து தொங்குவதைக் காணுந்தோறும் நெஞ்சு நோகின்றது.

இனிக் கூறப்போவது இவை யாவற்றினும் பெரிது. 1990 இன் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையும் நம் மாவட்டத்து இல்லங்கள் பலவற்றின் படத்தொகுப்புகளைக் கொண்டு சென்றன. எஞ்சிய ஒற்றைப் படத்தை, நீரூறிக் கன்னமும் கண்ணும் அழிந்த நிலையில், "சரிப்படுத்தித் தா தம்பி" என்று அயலவர் நீட்டுவது படந் திருத்தத் தெரிந்த இளைஞனிடமே. 2023 இல் ஃபோட்டோஷொப்பிற் சேர்ந்த செயற்கை அறிவு நிரப்பியும், அதுபோன்ற பிற கருவிகளும், அழிந்த கண்ணை நொடியிற் படைத்து வைக்கும், அழகாகவே படைக்கும். அக்கண் அம்மகனுடையது அன்று. யார் யாரோ அயலார் முகங்களைக் கற்ற பொறி ஊகித்த கண் அது. சில ஆண்டு சென்றபின், பெற்றவள் நினைவிலும் அந்த அயற்கண்ணே குடிகொள்ளும்.

காணாமற் போனோரின் படங்களை ஏந்தி, 2017 தொட்டு வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் தெருவோரங்களில் அமர்ந்தார்களே, அப்படங்கள் அலங்காரப் பொருள்களா? அவை சாட்சிகள். சாட்சியின் முகத்தை ஒப்பனை செய்தல் தகாது. 1982 பெப்ரவரியில் நெஷனல் ஜியோகிராபிக் இதழ் தன் அட்டைக்காக எகிப்தியப் பிரமிட்டுகளை நெருக்கி வைத்தது. உலகம் அதனை இன்னும் மறக்கவில்லை. அசையாத கல்லை நகர்த்தியதே பழியாயின், ஒரு பிள்ளையின் முகத்தை மாற்றுதல் எத்தகையது?

தாய்க்கு ஆறுதல் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கீறலை நீக்கலாம், மங்கலைத் தெளிவிக்கலாம். இவை ஏடு துடைத்தல் போல்வன. அவர்களே விரும்பி, அழிந்த உறுப்பை நிரப்பிக் கொடுக்க நேர்ந்தால், படத்தின் பின்புறத்தில் 'இக்கண் ஊகம்' என்று எழுதிக் கொடுங்கள். நிரப்பாத பிரதி ஒன்றையும் உடன் கொடுங்கள். பதிப்பாசிரியர் இட்ட புள்ளிக்கு ஒப்பானது அது.

ஆகவே, இளைஞர்க்கு யான் கூறுவது இது. பச்சைக் கோப்பிலே படம் எடுங்கள். டார்க்டேபிளையோ ரோதெரப்பியையோ ஒரு மாதம் பொறுமையாகப் பயிலுங்கள். எழுத்துக்கும் ஒட்டு வேலைக்கும் கிம்ப்பைத் துணைக்கொள்ளுங்கள். அவை போதாவெனத் தேர்ந்தபின் சந்தாவைப் பற்றி எண்ணுங்கள். களவுப் பிரதியை எண்ணவே வேண்டா. எதனைக் கைக்கொண்டாலும், மூலக் கோப்பை இரண்டு இடங்களிற் காத்து, எடுத்த நாளையும் இடத்தையும் அதனோடு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அப்படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது அவ்விரண்டையுமே.