தொட்டிக்குள் தண்ணீர் போகும் வழி



குடிநீர்ச் சுத்திகரிப்பு என்றதும் அழுக்கை அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மேலிருந்து எடுப்பதுதான் நம் நினைவுக்கு வரும். ஏரியில் பாசி பெருகும் காலத்தில் இந்த முறை திணறிப்போகும். படிகாரம் போட்டுத் திரட்டினாலும் பாசி கனமில்லாதது, கீழே உட்காராது. உட்கார மறுப்பதோடு மல்லுக்கட்டாமல் அதை மேலே ஏற்றி வழித்தெடுப்பது காற்று மிதப்பு முறை. 1920களில் ஸ்காண்டிநேவியக் காகித ஆலைகள் வீணாகும் நாரை மீட்கக் கைக்கொண்ட இந்த முறை, 1960களில் குடிநீருக்கு வந்தது. கழிவுநீரையே குடிநீராக்கும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில், 2002இல் எழுந்த புதிய நிலையத்திலும் இது ஒரு முக்கியக் கட்டம்.

சுத்தமான நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எடுத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு அழுத்தத்தில் அதில் காற்றைக் கரைக்கிறார்கள். நாசில் வழியாக அது தொட்டிக்குள் வரும்போது அழுத்தம் சட்டென்று குறைய, மூடி திறந்த சோடாவைப் போல நீர் முழுக்கக் குமிழிகள் பிறக்கின்றன. 10 முதல் 100 மைக்ரான் அளவுள்ள இந்தக் குமிழிகள் பாசித் திரளில் ஒட்டி, அதைத் தூக்கிக்கொண்டு மேலே போகின்றன. தெளிந்த நீரை அடியிலிருந்து எடுக்கிறார்கள்.

என்னை வெகுவாகக் கவர்ந்தது இதற்குள் இருக்கும் ஒரு புதிர். 50 மைக்ரான் குமிழி மணிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில்தான் மேலேறும். தொட்டியிலோ தண்ணீர் மணிக்கு 10, 15 மீட்டர் கணக்கில் கீழிறங்குகிறது. புதிய தொட்டிகளில் 20, 30 மீட்டர்கூட. அப்படியானால் குமிழிகளெல்லாம் கீழே அடித்துச் செல்லப்பட்டு, அடுத்த கட்டமான வடிகட்டிக்குள் புக வேண்டும். ஆனால் நல்ல தொட்டியில் அடியிலிருந்து தெளிந்த நீர்தான் வருகிறது.

குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி விரைந்து ஏறுவது ஒரு காரணம். அதைவிடச் சுவையான காரணம், தண்ணீர் போகும் வழி. ஸ்வீடனில் மான்ஸ் லுண்டும் உடன் ஆய்வாளர்களும் சோதனைத் தொட்டிக்குள் ஒலி அலையால் வேகம் அளக்கும் கருவியை இறக்கி, இடம் இடமாக அளந்து 2000இல் வெளியிட்டார்கள். உள்ளே வந்த நீர் நேரே கீழிறங்கவில்லை. மேற்பரப்பை ஒட்டியே எதிர்ச்சுவர் வரை ஓடி, அதற்குச் சற்றுக் கீழே திரும்பி வந்து, அதன்பிறகே தொட்டியின் பரப்பு முழுவதிலும் சீராக இறங்கியது. இப்படிப் போய்த் திரும்புவதில் குமிழிகள் தப்பி மேலேற இன்னும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

கணினி மாதிரிக்கு இங்கேதான் வேலை. தொட்டியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர், எவ்வளவு காற்று, எந்தப் பக்கம், என்ன வேகம் என்று கணக்கிடுகிறார்கள். தண்ணீரை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்த அடுக்கு ஓட்டம் திரையில் வருவதில்லை. உள்ளே வந்த நீர் குறுக்கு வழியில் வெளியேறிவிடுகிறது. காற்றையும் சேர்த்தால்தான், குமிழி நிறைந்த நீர் எடை குறைந்து மேலேயே தங்குவது தெரிகிறது. நீர் நுழையும் பகுதியைப் பிரிக்கும் இடைத்தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம், தொட்டி எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே மாற்றிப் பார்க்கலாம். 2015இல் இயங்கத் தொடங்கிய நியூயார்க்கின் குரோட்டன் நிலையத்தைப் பூங்கா ஒன்றின் அடியில் நிலத்துக்குள் கட்டினார்கள்; இடத்தை மிச்சப்படுத்த மிதப்புத் தொட்டிகளை வடிகட்டிகளின் மேலேயே அடுக்கினார்கள். அப்படிக் கட்டிய பிறகு சுவரை நகர்த்த முடியுமா?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதிரி தரும் வண்ணப் படங்கள் கண்ணைக் கட்டிப்போடும். ஆனால் குமிழி திரளில் ஒட்டுமா என்பது படிகாரத்தின் அளவையும் நீரின் காரத்தன்மையையும் பொறுத்தது. குமிழிகள் எல்லாம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அந்த நாளின் ஏரித்தண்ணீரை அறியாது. தொட்டிக்குள் கருவியை இறக்கிய அளவீடுகள் இருந்ததால்தான் இந்த மாதிரிகளைச் சரிபார்க்க முடிந்தது. அளந்து பார்க்காத படத்தை நம்பி ஊருக்குத் தண்ணீர் விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சுத்திகரிப்பு நிலையங்களில் பணிபுரியும் வாசகர்கள் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். பாசி அதிகமாகும் மாதங்களில் உங்கள் தொட்டியில் என்ன மாறுகிறது, மருந்தின் அளவை எதைப் பார்த்து மாற்றுகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பொறியியல் மாணவர்களும் காத்திருந்து படிப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்