கரையில் நின்று காப்பாற்றும் கல்வி

2022 ஜூன் 5. கடலூர் அருகே கெடிலம் ஆற்றில், தடுப்பணையை ஒட்டித் தேங்கிய தண்ணீரில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கிப் போனார்கள். எட்டு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்காக ஊரைவிட்டு வந்திருந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் 4 பேரை மாயனூரில் காவிரி கொண்டுபோனது. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். ஆழத்தில் சிக்கியவர்களுக்குக் கை கொடுக்கப் போனவர்களும் சேர்ந்து போனார்கள்.

ஆற்றங்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் தன்னார்வலர்களின் அமைப்பு இந்தச் சாவுகளை முன்வைத்துத் தன் நிலைப்பாட்டைச் சொல்கிறது. காவிரி, கொள்ளிடம், பவானி, தாமிரபரணிக் கரையோரப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதலே ஆற்றுப் பாதுகாப்பு பாடவேளைக்குள் வர வேண்டும். அதிலும் முதல் பாடம், தண்ணீரில் இறங்காமல் ஆளைக் கரையேற்றுவது.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கை அசைத்துக் கத்துவது அபூர்வம். வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சை இழுக்கவே நேரம் போதாது. கூப்பிடக் குரல் எங்கே வரும்? நெருங்கி வருகிறவரின் தோளையும் கழுத்தையும் அவர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நன்றாக நீந்தத் தெரிந்தவரையே அந்தப் பிடி அமுக்கிவிடும்.

ஆனால் படித்துறையில் சேலை இருக்கிறது. ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். ஒரு நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு, நனைத்து, மூழ்குகிறவரின் தலையைத் தாண்டி விழும்படி வீச வேண்டும். வீசியவர் குப்புறப் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும், நின்றபடி இழுத்தால் மூழ்குகிறவரின் பிடி அவரையும் சேர்த்து இழுத்துவிடும். மூங்கில் கழியோ அறுந்த தென்னை மட்டையோ கைக்கு எட்டினால் அதை நீட்டலாம். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒருவரைப் பிடித்து மிதக்க வைக்கப் போதும். பத்து வயதுப் பிள்ளையும் இதைப் பழகிவிடும். இதற்கு நீச்சல்குளம் தேவையில்லை, பள்ளி மைதானமே போதும்.

ஆற்றைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும். மணல் அள்ளிய இடத்தில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆளை முழுக்கும் குழியாக இருக்கும். தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் சுழன்று, விழுந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். ஆற்றோட்டத்தின் இழுப்பில் மாட்டியவர் எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து காலை நீரோட்டத் திசையில் வைத்து, கரையை நோக்கிச் சாய்வாக ஒதுங்க வேண்டும்.

நீச்சல் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்து ஆற்றுக்குப் போவார்கள் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை இவ்வமைப்பு மதிக்கிறது. ஆனால் தெரியாத பிள்ளைகளும் போகத்தானே செய்கிறார்கள்! வங்கதேசத்தில் ஊர்க் குளங்களுக்குள் மூங்கில் தட்டி கட்டி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 25 மீட்டர் நீந்தவும், 30 விநாடி மிதக்கவும், கரையிலிருந்தே மீட்கவும் சொல்லித்தந்தார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது. 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும், கரையில் நிற்பவர்களுக்கு மீட்பும் முதலுதவியும் கற்றுத்தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இவ்வமைப்புக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஒரு கோரிக்கை உண்டு. பையன்கள் கிணற்றில் சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ கட்டிக்கொண்டு எப்படியோ பழகிவிடுகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணைத் தண்ணீருக்கு அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். கெடிலத்திலும் மாயனூரிலும் போனவர்கள் எல்லோரும் பெண்கள். பெண் பயிற்சியாளர்களும், சுடிதாரோடு நீந்தப் பழக்கும் வகுப்பும், உடை மாற்ற மறைவிடமும் அமைத்துத் தராமல் 'எல்லோருக்கும் பயிற்சி' என்று அறிவிப்பதை இவ்வமைப்பு ஏற்காது.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. அதில் நேரம் போகிறது. வாந்தி நுரையீரலுக்குள் போகவும் வழியாகிறது. மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் மல்லாத்திப் படுக்கவைத்து முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் தொடர வேண்டும்.

ஆடிப் பதினெட்டுக்கு முன்பாக ஒவ்வொரு படித்துறையிலும் 20 மீட்டர் கயிறும் காற்றடைத்த டியூபும் மாட்டிவைக்க வேண்டும், அதற்குப் பூட்டு போடக் கூடாது என்பது உள்ளாட்சிகளுக்கு இவ்வமைப்பு வைக்கும் உடனடிக் கோரிக்கை. கயிறு இற்றுப்போகாமல் மாதம் ஒருமுறை பார்த்து மாற்றும் பொறுப்பை, படித்துறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவரிடமே கொடுக்கலாம்.