கொரோனா எங்கிருந்து வந்தது? மறுபடி கேளுங்கள்



மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், கொரோனாவுக்கு வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் என நாங்கள் ஒரு சிறு குழு. அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஊர் மறந்துவிட்டது. நீங்களும் எங்களோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

"போனவர்கள் போய்விட்டார்கள், இனி ஆராய்ந்து என்ன?" என்று எங்கள் வீட்டிலேயே சொல்கிறார்கள். மலேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். 1998இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. பன்றிகள் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு விலைபோயின. நோயும் லாரி ஏறிப் போனது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் இது புதிய வைரஸ் என்று கண்டபோதுதான் பன்றி மேல் கவனம் திரும்பியது. அதற்கும் பின்னால் பழந்தின்னி வௌவால் இருந்தது பிறகு தெரிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். அதுதான் நிபா. இன்று கேரளத்தில் நிபா என்றதும் 'வௌவால் கடித்த பழத்தைத் தொடாதே' என்று நம்மால் சொல்ல முடிகிறதே, அது அந்தத் தேடல் தந்தது.

கொரோனா முதலில் தென்பட்ட சீனாவின் வூஹான் நகரில் தேடல் பாதியில் நிற்கிறது. விலங்குகள் விற்ற ஹுவானான் சந்தையை 2020 ஜனவரி 1 அன்று மூடினார்கள். அங்கே துடைத்தெடுத்த மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணுத் தடயம் இருந்த விவரம் 2023இல்தான் வெளியுலகுக்கு எட்டியது. அதே நகரில் வௌவால் கொரோனா வைரஸ்களை ஆராயும் கூடமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2025 ஜூனில், கிடைத்த சான்றுகள் பெரும்பாலும் விலங்கிலிருந்து வந்ததையே காட்டுகின்றன என்றது. ஆய்வகக் கசிவைத் தள்ளிவிடவும் முடியவில்லை என்றது. தொடக்கக்கால நோயாளிகள் நூற்றுக்கணக்கானவர்களின் வைரஸ் மரபணு வரிசைகள், சந்தை விலங்குகளின் விவரம், ஆய்வகப் பாதுகாப்புப் பதிவுகள் ஆகியவற்றைச் சீனா இன்னும் தரவில்லை.

விலங்கா, ஆய்வகமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சில கூட்டங்கள் டீ ஆறும்வரை சண்டையில் போயிருக்கின்றன. சீனா ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரே குரல்.

வைரஸ் தோன்றிய இடத்தைத் தேட வேண்டும் என்ற 2020 மே மாத உலக சுகாதாரப் பேரவைத் தீர்மானத்தை இந்தியாவும் ஆதரித்தது. சீனா தராத அந்த விவரங்களைக் கேட்டு நம் அரசு அங்கே திரும்பவும் பேச வேண்டும் என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.

இன்னொன்று. கோழியால் கொரோனா வருகிறது என்று 2020இல் பரவிய வதந்தியில் நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் என்ன கதி வந்தது என்று அந்தப் பண்ணைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் 'உண்மை வெளிவந்தது' என்று எது வந்தாலும், எங்கள் பெயரிலேயே வந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அஞ்சலட்டையை மட்டும் அனுப்புங்கள்.