மதில் நின்ற இடத்தில் யாருக்கு இடம்?

ஜெனீவா ஏரியிலிருந்து ரோன் ஆறு புறப்படும் முகத்திலேயே ஒரு சிறு தீவு இருக்கிறது. சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடலாம். நெடிதுயர்ந்த பாப்லர் மரங்கள், உட்கார பெஞ்சுகள், ஓர் உணவகம், கரையோரத் தண்ணீரில் அன்னங்கள், வாத்துகள். நடுவில் ஒரு வெண்கலச் சிலை. நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்த மனிதரின் கையில் எழுதுகோல். நாற்காலிக்கு அடியில் புத்தகங்கள். அவர் தத்துவஞானி ழான் ழாக் ரூசோ. தீவின் பெயரும் ரூசோ தீவு. அருகிலுள்ள மோன் பிளாங்க் பாலத்தில் கூடும் சுற்றுலாப் பயணிகளின் கண்ணெல்லாம் 140 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கும் நீரூற்றின் மீதுதான். தீவை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்க வேண்டிய இடம் அது. ஏரி வழியாக எதிரிகள் நகருக்குள் புகுந்துவிடக் கூடாது என்று 1583இல் ஆற்றுக்குள் கட்டிய கொத்தளம்தான் இன்றைய பூங்கா.

மதில்கள் இடிக்கப்படாத பழைய நகரங்கள் உலகில் குறைவு. இடித்த பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போனது என்பதை வைத்தே ஒரு நகரத்தின் அரசியலைப் படித்துவிடலாம். ஜெனீவா தன் கோட்டை நிலத்தில் ஒரு பகுதியை, அந்தக் கோட்டை யாரையெல்லாம் வெளியே நிறுத்தியதோ அவர்களுக்கே கொடுத்தது. அந்த வரிசையில் முதலில் வந்தவர் ரூசோ.

சாத்திய கதவு

ரூசோ 1712இல் ஜெனீவாவில் ஒரு கடிகாரத் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தார். பிறந்த சில நாட்களில் தாய் இறந்துபோனார். வளர்ந்ததும் செதுக்கு வேலை செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்; அங்கே அடியும் உதையும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மதிலுக்கு வெளியே வயல்வெளிக்குப் போவது மட்டுமே அவருக்கு இருந்த விடுதலை. மாலையில் முரசு ஒலித்ததும் கோட்டைக் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் விடியும்வரை வெளியில் கிடக்க வேண்டியதுதான். ரூசோவுக்கு இரண்டு முறை அப்படி நேர்ந்து, மறுநாள் முதலாளியிடம் தண்டனையும் கிடைத்திருந்தது.

1728 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. தொலைவிலேயே முரசொலி கேட்டு, மூச்சிரைக்க ஓடி வந்தார். முன்காவலுக்கு இருபது தப்படி தூரம் இருக்கும்போது அவர் கண்ணெதிரே தூக்குப்பாலம் மேலெழுந்தது. மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாகவே கதவைச் சாத்தும் அதிகாரி ஒருவருக்கு அன்று முறை. உடன் வந்த பையன்கள் சிரித்துக்கொண்டே விடியலுக்குக் காத்திருந்தார்கள். பதினைந்து வயது ரூசோ மட்டும் இனி அந்த முதலாளியிடம் திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்து நகரைவிட்டுப் போய்விட்டார். தன் வாழ்க்கையின் போக்கை மாற்றிய நிகழ்வாக இதைத் தன் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இத்தாலியின் டூரினில் அவர் கத்தோலிக்கராக மதம் மாறினார். ஜெனீவாவின் குடியுரிமை புராட்டஸ்டண்ட் சமயத்தோடு பிணைந்திருந்ததால் அதையும் இழந்தார். 1754இல் பழைய சமயத்துக்குத் திரும்பி, குடியுரிமையை மீட்டார். ‘சமுதாய ஒப்பந்தம்’ நூலின் முகப்பில் தன் பெயரோடு ‘ஜெனீவாவின் குடிமகன்’ என்று பெருமையாகப் போட்டுக்கொண்டார். அந்த நூலையும் ‘எமீல்’ நூலையும் 1762 ஜூனில் ஜெனீவாவின் நகர மன்றத்துக்கு முன்னால் தீயிட்டு எரித்தார்கள். எழுதியவர் ஊருக்குள் கால் வைத்தால் கைது செய்யவும் ஆணை பிறந்தது. மறு ஆண்டு ரூசோ குடியுரிமையைத் தானாகவே துறந்தார்.

மதில் காத்ததும் காக்காததும்

ஜெனீவா மக்கள் மதிலை நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1602 டிசம்பரில் ஒரு நள்ளிரவு, அண்டை நாடான சவோயின் கோமகனது படையினர் ஏணி சாத்தி மதிலேறினார்கள். ஊர் விழித்துக்கொண்டு அவர்களை விரட்டியடித்தது. நகரத்தின் தரப்பில் 18 பேர் உயிரிழந்தார்கள். கொதிக்கும் சூப் பானையை ஒரு பெண் எதிரிகளின் தலையில் கவிழ்த்தார் என்ற கதையை நினைவுகூர்ந்து, இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் சாக்லேட்டில் செய்த பானையை வீடுகளிலும் பள்ளிகளிலும் உடைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அதன் பிறகு கோட்டை பெருத்துக்கொண்டே போனது. 18ஆம் நூற்றாண்டில் அடுக்கடுக்காகப் புதிய கொத்தளங்களும் அகழிகளும் வந்தன. அவற்றுக்கான வரி மக்கள் தலையில் விழுந்தது. வரி போடும் அதிகாரம் சில பணக்காரக் குடும்பங்களின் கையிலிருந்த சிறு மன்றத்துக்கா, குடிமக்கள் அனைவரும் கூடும் பொது மன்றத்துக்கா என்ற கேள்வி 1734இல் கிளர்ச்சியாக வெடித்தது. கோட்டைத் திட்டத்தின் குறைகளை எழுதி வெளியிட்ட பொறியாளர் மிஷெலி டு கிரெஸ்ட் குடியுரிமையை இழந்தார். 1735இல் அவர் ஊரில் இல்லாத நிலையிலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது. மதிலைக் கேள்வி கேட்டவருக்கு மதிலுக்குள் இடமில்லை.

இத்தனை செலவு செய்து எழுப்பிய கோட்டை, தேவைப்பட்ட நேரத்தில் என்ன செய்தது? 1782இல் ஜெனீவாவில் மக்கள் தரப்பு ஆட்சியைப் பிடித்தபோது பிரான்ஸ், சார்தீனியா, பெர்ன் ஆகிய மூன்றின் படைகளும் நகரைச் சூழ்ந்தன. சண்டையின்றி நகரம் பணிந்தது. 1798இல் பிரெஞ்சுப் படை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே நுழைந்தது. 1813 இறுதியில் ஆஸ்திரியப் படை வந்தபோது பிரெஞ்சுக்காரர்களும் போரிடாமல் வெளியேறினார்கள். வெளியே இருந்த எதிரிகளை நிறுத்தியதைவிட, உள்ளே இருந்த மக்களை நெருக்கியடித்து வைத்ததுதான் அந்த மதிலின் பெரிய வேலையாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸிலிருந்து ஹியூகனாட் எனப்படும் புராட்டஸ்டண்ட் அகதிகள் திரண்டு வந்தபோது, பக்கவாட்டில் நகரை விரிக்க வழியில்லாமல் வீடுகளின் மேல் மாடிகளை ஏற்றினார்கள். பழைய ஊரின் ஒடுங்கிய தெருக்களில் அந்த உயரத்தை இன்றும் பார்க்கலாம்.

சீட்டித்துணியும் பாலமும்

ஆற்றுக்குள் இருந்த கொத்தளம் 17ஆம் நூற்றாண்டிலேயே போர்ப் பயன்பாட்டை இழந்து, படகு கட்டும் துறையாகிவிட்டது. படகுத் தீவு என்றே ஊர் அதை அழைத்தது. அது பூங்காவான கதையில் லட்சியத்தோடு வணிகமும் கலந்திருக்கிறது.

ஆற்றின் வலக்கரையில் பெர்க் என்ற பகுதியில் ஃபாசி குடும்பத்தின் துணி அச்சிடும் தொழிற்சாலை இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற துறைமுகங்களிலிருந்தும் கப்பலேறிய சீட்டித்துணிக்கு ஐரோப்பாவில் பெரும் மோகம் இருந்த காலம் அது. அந்தத் துணியைப் போலவே உள்ளூரில் அச்சிடும் தொழிலை ஜெனீவாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஹியூகனாட் அகதிகள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழில் நொடித்தது. அந்த இடத்தில் ஒரு நிறுவனம் புதிய குடியிருப்பும் படித்துறைச் சாலையும் பெரிய ஹோட்டலும் கட்டத் திட்டமிட்டது. எதிர்க்கரையோடு இணைக்க ஒரு பாலம் தேவைப்பட்டது.

பாலத்தை வடிவமைத்தவர் கில்லோம் ஆன்றி துஃபூர். அவருடைய பெற்றோர் 1782 தோல்விக்குப் பிறகு ஜெனீவாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அதனால் அவர் பிறந்தது கான்ஸ்டன்ஸ் நகரில். கோட்டை கட்டும் கலையைப் பிரான்ஸில் படித்து, நெப்போலியனின் படையில் கொர்ஃபு தீவின் அரண்களில் பணியாற்றியவர். 1823இல் ஜெனீவாவின் அகழிகளுக்கு மேலேயே இரும்புக் கம்பி வடத்தால் தொங்கு பாலம் அமைத்த முன்னோடிகளில் ஒருவர். பிற்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த ராணுவப் பொறியாளர் 1834இல் முடித்த பெர்க் பாலம் நேர்கோட்டில் செல்லாமல் ஆற்றின் நடுவில் ஒரு கோணத்தில் திரும்புகிறது. அங்கிருந்து ஒரு சிறு பாலம் பழைய கொத்தளத்துக்குப் பிரிகிறது. படகுத் துறை பொது உலாவிடமானது.

ஜெனீவாவில் பிறந்த சிற்பி ஜேம்ஸ் பிராடியே வடித்த ரூசோ சிலை 1835இல் அங்கே நிறுவப்பட்டது. புத்தகங்களை எரித்து 73 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரூசோ 1778இல் இறந்தபோது பிரான்ஸில் எர்மனோன்வில் என்ற ஊரில், பாப்லர் மரங்கள் சூழ்ந்த ஒரு தீவில்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள். அதன் நினைவாகவே இங்கும் பாப்லர் மரங்கள்.

நிலத்தின் விலையை உயர்த்த வந்த திட்டம் என்பதால் இந்தப் பூங்காவின் மதிப்பு குறைந்துவிடாது. அந்த ஹோட்டல் இன்றும் பணக்காரர்களுக்கான விடுதியாகவே இருக்கிறது. எதிரே இருக்கும் தீவில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உட்காரலாம். அரசின் கையில் பொது இடமாக நின்றதால்தான் அது சாத்தியமானது.

இடிந்த மதிலில் எழுந்த ஆலயங்கள்

தீவு பூங்காவாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதைச் சுற்றியே சண்டை மூண்டது. 1846 அக்டோபரில் தொழிலாளர்கள் வாழ்ந்த சேன் ஜெர்வே பகுதி கிளர்ந்தெழுந்தது. ஆற்றின் குறுக்கே அரசின் பீரங்கிகள் அந்தப் பகுதியைச் சுட்டன. ஆனாலும் கிளர்ச்சி வென்றது. தலைமையேற்று ஆட்சிக்கு வந்த ஜேம்ஸ் ஃபாசி, அதே துணி அச்சிடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1849இல் மதில்களை இடிக்க முடிவாயிற்று.

கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி சாலைகளாகவும் வீட்டு மனைகளாகவும் ஆனது. வசதி படைத்தவர்கள் மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். ஆனால், ஃபாசியின் அரசு இன்னொன்றும் செய்தது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினின் நகரம் என்று பெயரெடுத்த ஊரில், மற்ற சமயத்தவருக்கும் கோட்டை நிலத்தில் இடம் கொடுத்தது. 1853இல் ஆங்கிலிகன் தேவாலயம், 1857இல் கத்தோலிக்கரின் நோத்ர தாம் ஆலயம், 1859இல் யூதர்களின் தொழுகைக் கூடம், 1866இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் ஆகியவை எழுந்தன. சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊரில் கத்தோலிக்கப் பூசைக்கு அனுமதி இல்லை. யூதர்களை 1490லேயே வெளியேற்றியிருந்தார்கள். அவர்களை விலக்கி வைத்த மதில் நின்ற மண்ணிலேயே அவர்களுடைய ஆலயங்கள் வந்தன.

காகிதத்தில் எழுந்த மதில்

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இடத்தைத் திறந்துவிட்ட வேகத்தில் ஜெனீவா உரிமையைத் திறக்கவில்லை. ரூசோவின் காலத்தில், அகதிகளாக வந்தவர்களுக்கு அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகள் தனி வகுப்பாக வைக்கப்பட்டிருந்தார்கள். வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆட்சியில் குரல் கிடையாது. 1782 கிளர்ச்சியில் அவர்களும் முன்னின்றார்கள்.

இன்று ஜெனீவா கன்டோனில் (மாநிலத்தில்) வாழ்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் சுவிஸ் குடியுரிமை இல்லாதவர்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்ததனால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது. 1980களிலிருந்து அங்கே தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழர்களுக்கு இது சொந்த அனுபவம். ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடும் நாட்களில் நீதி கேட்டு ஜெனீவாவின் வீதிகளில் திரளும் தமிழர்களில், அந்த நாட்டிலேயே வளர்ந்து, அங்கே வரி கட்டி, வாக்குரிமை இல்லாமல் இருப்பவர்களும் உண்டு.

மாற்றம் மெல்ல வருகிறது. மூன்றாம் தலைமுறையினருக்குக் குடியுரிமை பெறும் வழியை எளிதாக்கும் திருத்தத்தை 2017 பிப்ரவரி வாக்கெடுப்பில் 60 சதவீதத்துக்கும் மேலான சுவிஸ் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எட்டு ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் சட்டபூர்வமாக வாழ்ந்த வெளிநாட்டவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க, ஜெனீவா கன்டோன் 2005இல் வழிவிட்டது. போட்டியிடும் உரிமை அதில் இல்லை. கன்டோன் அளவிலும் அவர்களுக்கு அரசியல் உரிமை கேட்டுக் கொண்டுவந்த முன்மொழிவை 2024 ஜூனில் வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

ரூசோவுக்குச் சிலை வைத்த நகரத்திடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமே. ஊரின் சுமையைச் சுமப்பவர்களுக்கு ஊரை ஆளும் முடிவுகளில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை அந்த மண்ணிலேயே 1734இலும் 1782இலும் 1846இலும் எழுந்ததுதான். அது நிறைவேறும்வரை, கையில் இருக்கும் உரிமையை வீணாக்கக் கூடாது. எட்டு ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஜெனீவாத் தமிழர்கள் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் தவறாமல் வாக்களிக்க வேண்டும். தகுதியுள்ள மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த எளிய வழி 25 வயதுவரைதான் என்பதால், பெற்றோர்கள் காலம் தாழ்த்தாமல் விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும்.