பட்டியல் யாருக்குப் பயன்படும்?

இணையத்தில் தன் முகவரி வெளிப்படாமல் படிக்கவும் எழுதவும் உதவுகிறது 'டார்' வலையமைப்பு. ஊழலை அம்பலப்படுத்துவோரும், அடக்குமுறையின் கீழ் வாழ்வோரும் அதை நம்பியிருக்கிறார்கள். அதில் ஒரு செய்தி மூன்று கணினிகள் வழியே கைமாறிச் செல்லும். முதல் கணினிக்கு அனுப்பியவரின் முகவரி தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளைத் தொண்டர்களே நடத்துகிறார்கள். அத்தொண்டர்களின் அடையாள அட்டையைச் சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர்.

இந்த யோசனை காரணமின்றி எழவில்லை. 2014ல் ஜனவரி இறுதி முதல் ஜூலை வரை சுமார் 115 கணினிகளை உள்ளே புகுத்தி, பயன்படுத்துவோரை வேவு பார்த்தார்கள். 2020 மே மாதத்தில், செய்தி வெளியேறும் கடைசிக் கணினிகளின் திறனில் ஏறத்தாழக் கால் பங்கு ஒரே மோசடிக் கும்பலின் கையில் இருந்தது. ஒரே ஆள் நூறு முகமூடியுடன் வந்தால், மூன்று கைகளும் ஒரே கையாகிவிடும். இந்த அபாயத்தை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அட்டை இதைத் தடுக்குமா? அட்டையை வழங்குவது யார்? சர்க்கார். வேவு பார்க்கத் துடிப்பவர்களில் முதல்வர் யார்? அதே சர்க்கார்! தன் ஒற்றர்கள் நூறு பேருக்கு நூறு பெயரில் அட்டை கொடுப்பது அதற்கு ஒரு நாள் வேலை. சிக்கிக்கொள்பவர் நேர்மையான தொண்டரே. 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியர் கைதானார். யாரோ எழுதியது அவருடைய கணினி வழியே வெளிவந்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. மறு ஆண்டுதான் வழக்கு கைவிடப்பட்டது. பெயர்ப் பட்டியல் ஒன்று கிடைத்தால், இத்தகையோர் அத்தனை பேரையும் ஒரே இரவில் வளைத்துவிடலாம்.

நம் நாட்டு அனுபவம் என்ன? 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய சர்க்காரின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். கம்பெனிகளும், கணினியை வாடகைக்கு விடுவோரும் வாடிக்கையாளரின் பெயர், முகவரியை ஐந்தாண்டு காக்க வேண்டுமாம். பெரிய வி.பி.என். கம்பெனிகள் சில தம் கணினிகளை இந்தியாவிலிருந்தே அகற்றிக்கொண்டன. இங்கே கணினி வாடகைக்கு எடுத்துத் தொண்டு செய்ய நினைப்பவரும் இந்தப் பதிவேட்டில் சிக்குகிறார்.

2014லும் 2020லும் சதியைப் பிடித்தது எது? கணினிகளின் நடத்தையைக் கூர்ந்து கவனித்ததுதான். எந்த அட்டையும் அல்ல. அந்தக் கண்காணிப்பு பலப்பட வேண்டும். பல கணினி நடத்துவோர் அவை தம்முடையவை என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காத கூட்டத்தைக் கண்டவுடன் நீக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல நாடுகளில் தொண்டர்கள் பெருக வேண்டும். எண்ணிக்கை பெருகினால் எந்தக் கும்பலுக்கும் பெரும்பங்கைப் பிடிப்பது கடினம்.

அட்டை கேட்பது திருடனிடமே சாவியை ஒப்படைப்பதாகும். அதை நிராகரிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.