ஏடும் தலைமையும்

1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார், ஈப்போவிலும் பேசினார். அவர் திரும்பிய பின்னும் அவரது ‘குடிஅரசு’ ஏடு பரப்பிய சிந்தனை இங்கே தங்கியது. சாதியையும் கள்ளையும் எதிர்த்துக் குரல்கள் எழுந்தன. பிறகு, பால்மரத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர்களின் சிறு பங்குத் தொகைகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. எழுத்து கேள்வியைத் தந்தது. தலைமை அதற்கு ஓர் அமைப்பைத் தந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் சமூகம் நிமிரும். லகாட் போன்ற சிற்றூர்களுக்குத் தலைவர்கள் வரும்போது மாலையோடு நிற்பதை விடுவோம். பிள்ளைகளுக்கு நூலகம் கேட்போம், பெரியவர்களும் அங்கே உட்கார்ந்து படிப்போம். படிக்காத சமூகத்தால் தன் தலைவரை எடைபோட முடியாது.